விண்டோஸை மறுபடி போட்டபின் கீ கேட்கிறதா? அறிகுறி பார்த்துத் தேடும் வழி

உறவிலோ நட்பிலோ யாருக்காவது கணினி படுத்துவிட்டால் அழைப்பு எனக்குத்தான் வரும். பல வருடங்களாக விண்டோஸை அழித்து மறுபடி போட்டுக் கொடுத்து வருகிறேன். போடுவது பெரிய வேலை இல்லை. நடுவில் "ப்ராடக்ட் கீ எங்கே?" என்ற கேள்வி வந்ததும்தான் பதற்றம் தொடங்கும். அலமாரி, பழைய பெட்டி, பில் கவர் எல்லாம் கீழே இறங்கும். அப்படித் தேடியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கீ தேவையே படவில்லை.

தேட வேண்டியது அந்தக் கீயின் 25 எழுத்துகளை அல்ல, லைசென்ஸ் (விண்டோஸைப் பயன்படுத்தும் உரிமை) எங்கே இருக்கிறது என்பதைத்தான். அது மதர்போர்டில் இருக்கலாம், மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிவாகி இருக்கலாம், ஸ்டிக்கரிலோ பழைய மெயிலிலோ இருக்கலாம், பழைய டிஸ்க்கில் இருக்கலாம், அல்லது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருக்கலாம். இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவசரப்பட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிவிட்டு, பழைய லைசென்ஸ் மதர்போர்டிலேயே பத்திரமாக இருந்ததை அடுத்த வாரம் கண்டுபிடித்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்தக் குறிப்பு.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தாகத் தட்டுங்கள். பிழை எண்களில் முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை விட்டுவிட்டேன்.

## இன்னும் ஃபார்மட் செய்யவில்லை, கணினி ஓடுகிறது

இந்த நிலையில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டால் கீழே உள்ள பாதித் தலைப்புகளைப் படிக்க வேண்டியிருக்காது.

முதலில் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் (லைசென்ஸை உறுதிசெய்வது) பக்கம். விண்டோஸ் 11-இல் சிஸ்டம் என்பதன் கீழே இருக்கும், 10-இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி என்பதன் கீழே. அங்கே "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று எழுதியிருந்தால் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிவாகியிருக்கிறது, கீ தேவையில்லை. "மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுடன் இணைக்கப்பட்டது" என்ற சேர்க்கையும் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் இப்போதே அக்கவுண்டைச் சேர்த்துவிடுங்கள். மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த இணைப்புதான்.

இரண்டாவது, எடிஷன். ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா என்று காகிதத்தில் எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டதால் வந்த சிக்கல்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

மூன்றாவது, கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று தட்டுங்கள் (இங்கே டி என்பது நாயைக் குறிக்கும் 'டாக்' என்பதில் வரும் டி). ஒரு சிறிய பெட்டி வரும். அதில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதையும், கீயின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேனல் ஓஇஎம் டிஎம் என்றால் அது கணினியோடு வந்த லைசென்ஸ், கீ மதர்போர்டில் இருக்கிறது. ரீடெயில் என்றால் தனியாக வாங்கியது, அல்லது பழைய விண்டோஸிலிருந்து ஏற்றிக்கொண்டது. வால்யூம் என்றால் ஒரு நிறுவனத்தின் லைசென்ஸ். அதற்கான தலைப்பு கீழே இருக்கிறது.

நான்காவது, பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வெளியே எடுத்து வையுங்கள். அது ப்ராடக்ட் கீ அல்ல, ஆனால் அதை இழப்பது ப்ராடக்ட் கீயை இழப்பதைவிட மோசம்.

ஒரு எச்சரிக்கை: செட்டிங்ஸில் தெரியும் "ப்ராடக்ட் ஐடி" என்ற எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கீ கையில் இருப்பதாக நம்பிவிடாதீர்கள். அது அடையாள எண் மட்டுமே. அதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது.

## நிறுவும்போது கீ கேட்டு நிற்கிறது

பதற வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்தத் திரையின் கீழே "ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கி, அடுத்த திரையில் முன்பு இருந்த அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்கள். நிறுவி முடித்து இணையத்தில் இணைத்ததும், பழைய டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். சில சமயம் உடனே, சில சமயம் கொஞ்ச நேரம் கழித்து.

எடிஷன் நினைவில் இல்லையா? லேப்டாப்பின் ஸ்டிக்கர், வாங்கிய பில், பெட்டியின் மேல் இருக்கும் மாடல் விவரம் ஆகியவற்றைப் பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வரும். அதற்கான லைசென்ஸ் சாதாரண ஹோமுக்குச் செல்லாது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஹோமைப் போட்டுவிட்டு, ஆக்டிவேட் ஆகவில்லை என்று இரண்டு நாள் அலைந்த ஒருவருக்கு, சரியான எடிஷனைப் போட்டதும் ஒரு நிமிடத்தில் ஆக்டிவேட் ஆனது.

பிராண்டட் லேப்டாப்பாக இருந்து, விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பின் வந்த விண்டோஸோடு வாங்கியதாக இருந்தால், கீ கேட்கும் திரையே பொதுவாக வராது. கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரில் (போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல்), எம்எஸ்டிஎம் என்ற சிறு அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். நிறுவும் நிரல் அதைத் தானே படித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கணினியிலும் கேட்கிறது என்றால் முதல் சந்தேகம் பென் டிரைவின் மேல்தான். யாரோ கொடுத்த, நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் எடிஷன் ஃபைலாக அது இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் எடுத்து, புதிதாக ஒரு பென் டிரைவ் தயாரித்துப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையிலேயே பலருக்கும் தீர்ந்துவிடும்.

## நிறுவி முடிந்தது, ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை

திரையின் மூலையில் மங்கலான எழுத்து வந்திருக்கும், வால்பேப்பர் மாற்ற முடியாது. கணினி மற்றபடி ஓடும், ஃபைல்களுக்கு எதுவும் ஆகாது. ஆகவே நிதானமாகவே தேடலாம்.

இணையமும் தேதியும். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிறிய பேட்டரி தீர்ந்துபோனால், கணினியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னே போய்விடும். தவறான தேதியோடு சர்வரிடம் பேசினால் அது பதில் தராது. தேதியைச் சரிசெய்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் மறுபடி முயலுங்கள். தேதி மீண்டும் மீண்டும் கலைந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான மேஜைக் கணினிகளில் இருப்பது அந்த அளவுதான்.

எடிஷன். அடுத்த சந்தேகம் இதுதான். ஹோமோடு வந்த லேப்டாப்பைப் பிறகு ப்ரோவாக மாற்றியிருந்தீர்களா? நிறுவும் நிரல் ஃபர்ம்வேரில் உள்ள பழைய ஹோம் கீயைப் படித்து, உங்களைக் கேட்காமலே ஹோமைப் போட்டிருக்கும். ஹோம் ஆக்டிவேட் ஆகிவிடும், "என் ப்ரோ எங்கே?" என்ற கேள்விதான் மிஞ்சும். அது தொலையவில்லை. அதே அக்கவுண்டில் நுழைந்து ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபுள்ஷூட்டர் என்ற சிக்கல் தீர்க்கும் கருவியை ஓடவிடுங்கள். அந்தக் கணினிக்கு ப்ரோ லைசென்ஸ் பதிவாகியிருந்தால் மாற்றிக்கொள்ளும் வழியைக் காட்டும். ப்ரோவுக்கென்று தனி கீ கையில் இருந்தால், "சேஞ்ச் ப்ராடக்ட் கீ" என்பதில் அதைத் தட்டினாலே போதும், மறுபடி நிறுவ வேண்டாம்.

அக்கவுண்ட். முன்பு எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைப் பயன்படுத்தினீர்களோ அதே அக்கவுண்ட்தான் வேண்டும். குடும்பத்தில் வேறொருவர் பெயரில் முதன்முதலில் தொடங்கியிருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

பிழை எண். இதற்கு மேல் பிழை எண் என்ன என்று பாருங்கள். நான் அடிக்கடி சந்திப்பவை இவை.

803எஃப்7001 அல்லது சி004எஃப்034 வந்தால் இந்தக் கணினிக்கான லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று பொருள். எடிஷன் தவறாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

சி004எஃப்211 என்றால் வன்பொருள் மாறியிருக்கிறது. மதர்போர்டு தலைப்புக்குப் போங்கள்.

சி004எஃப்050 என்றால் தட்டிய கீயில் தவறு, அல்லது வேறு எடிஷனின் கீ.

சி004சி008 என்றால் அனுமதித்த அளவைத் தாண்டி அந்தக் கீ பல கணினிகளில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய கணினி ஒன்றில் நீங்களே போட்டிருந்தால், அங்கே நீக்கிவிட்டு மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவிடம் பேசலாம்.

சி004சி003 என்றால் கீ முடக்கப்பட்டிருக்கிறது. மலிவாக எங்கோ வாங்கிய கீயில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை. தொழில்நுட்ப ஆளிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

சி004எஃப்074 என்றால் அது நிறுவனங்களுக்கான லைசென்ஸ்.

பழைய விண்டோஸ் 7, 8 கீ. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 ஜூலை 29 முதல் ஒரு வருடம் விண்டோஸ் 10 இலவசமாக ஏற்றிக்கொள்ளக் கிடைத்தது. அப்போது ஏற்றியவர்களுக்குத் தனியாகக் கீ எதுவும் தரப்படவில்லை. அந்தக் கணினியின் வன்பொருள் அடையாளம் சர்வரில் பதிவானது, அவ்வளவுதான். அந்தக் கணினியில் மறுபடி போட்டால் கீ இல்லாமலே ஆக்டிவேட் ஆகும். இல்லாத கீயைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் இதுவரை ஏற்றாத ஒரு கணினியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கரின் கீயைப் போட்டு 10 அல்லது 11 ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. பழைய வீடியோக்கள் இன்னும் அதைச் சொல்லித் தருகின்றன, நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

## கீ தேடும் மென்பொருள் ஒன்றைக் காட்டியது, போட்டால் ஏற்கவில்லை

மென்பொருள் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதைத்தான் காட்டுகிறது. அது உங்களுக்கு மட்டும் உரிய கீயாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள விண்டோஸ் 10, 11-இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு கீதான் உள்ளே இருக்கும். கடைசி ஐந்து எழுத்துகள் 3வி66டி என்றிருந்தால் (கடைசி எழுத்து 'டைகர்' என்பதில் வரும் டி) ப்ரோவின் பொதுக் கீ. 8எச்விஎக்ஸ்7 என்றிருந்தால் ஹோமின் பொதுக் கீ. இவற்றை எழுதி வைத்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஏனென்றால் லைசென்ஸ் சர்வரில் இருக்கிறது. மேலே சொன்னபடி கீ இல்லாமல் நிறுவி, இணையத்தில் இணைத்தால் போதும்.

பிராண்டட் விண்டோஸ் 7 கணினிகளில் வேறு கதை. தயாரிப்பாளர் தன் எல்லாக் கணினிகளிலும் ஒரே கீயைப் போட்டு அனுப்பியிருப்பார். மென்பொருள் அதைத்தான் காட்டும். உங்களுக்கென்று உள்ள கீ கணினியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. இரண்டும் வேறுவேறாக இருப்பது இயல்பு.

ஃபர்ம்வேரில் உண்மையாகவே கீ இருக்கிறதா என்று பார்க்க வெளி மென்பொருளே வேண்டாம். பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் என்று இடையில் சிறு கோட்டோடு தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் என்று சேர்த்துத் தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்ப்ராடக்ட்கீ என்ற வரிக்கு எதிரே 25 எழுத்துகள் இருந்தால் அதுதான் மதர்போர்டின் கீ. காலியாக இருந்தால் ஃபர்ம்வேரில் ஒன்றும் இல்லை. இதற்கு டபிள்யூஎம்ஐசி என்ற பழைய கட்டளையைத்தான் பலரும் சொல்லித் தருவார்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை, வேலை செய்யாவிட்டால் குழம்ப வேண்டாம்.

கீ காட்டும் மென்பொருளைத் தேடும்போது முதலில் கிடைத்த தளத்திலிருந்து இறக்காதீர்கள். கீயைத் தேடி அலைபவரின் அவசரத்தைக் குறிவைத்தே வைரஸ் கலந்த நிரல்கள் காத்திருக்கின்றன. நான் நம்பிப் பயன்படுத்துவது நிர்சாஃப்ட்டின் ப்ரொட்யூகீ. கீயைப் படிக்கும் நிரல் என்பதால் ஆன்டிவைரஸ் அதையும் சந்தேகிக்கும். அதனால் அதன் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் எடுக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லி ஆக்டிவேட்டர் என்ற பெயரில் வருகிறவற்றை வேண்டவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் ஓட விடாதீர்கள்.

## ஸ்டிக்கர் இருக்கிறது, எழுத்து அழிந்துவிட்டது

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பின் அடிப்பக்கம் மடியிலும் மேஜையிலும் உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். சில மாடல்களில் ஸ்டிக்கரை அதன் உள்ளே ஒட்டியிருப்பார்கள், புதிதுபோல இருக்கும்.

அழிந்ததுதான் என்றால் துடைக்காதீர்கள். ஈரத்துணியோ ஸ்பிரிட்டோ மிச்சமிருக்கும் மையையும் எடுத்துவிடும். இருட்டான அறையில், போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்து, இன்னொரு போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து பாதி மேலே வரும்.

அடுத்தது ஊகம். ஆனால் கண்மூடித்தனமான ஊகம் அல்ல. விண்டோஸ் கீயில் ஏ, ஈ, ஐ, எல், ஓ, எஸ், யூ, இஸட் ஆகிய எழுத்துகளும் 0, 1, 5 ஆகிய எண்களும் வருவதே இல்லை. ஒன்றோடொன்று குழம்பக் கூடாது என்றே அவற்றை விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 7 வரை என் என்ற எழுத்தும் கிடையாது. ஆகவே ஓ போலத் தெரிவது க்யூவாகவோ, டாக்கின் டியாகவோ, ஜியாகவோதான் இருக்கும். இஸட் போலத் தெரிவது 2. யூ போலத் தெரிவது வி. உண்மையான குழப்பம் பிக்கும் 8-க்கும் நடுவேயும், ஜிக்கும் 6-க்கும் நடுவேயும்தான் வரும், ஏனென்றால் இவை நான்குமே கீயில் வரக்கூடியவை. ஒன்றிரண்டு எழுத்துகள்தான் சந்தேகம் என்றால் நான்கைந்து முயற்சியில் கிடைத்துவிடும். ஒரு முறை மூன்று எழுத்துகள் தெரியாத ஸ்டிக்கரை இப்படித்தான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மீட்டோம். ஒரு முழுத் தொகுதியே போய்விட்டால் விட்டுவிடுங்கள். ஐந்து எழுத்துகளை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

விண்டோஸ் 8-க்குப் பின் வந்த லேப்டாப் ஸ்டிக்கரில் கீயே அச்சடிப்பதில்லை. மினுமினுக்கும் சின்னம் மட்டும்தான் இருக்கும். அங்கே அழிந்தது எதுவும் இல்லை, கீ ஃபர்ம்வேரில் இருக்கிறது. தனியாக வாங்கிய ஸ்டிக்கரில் கீயின் மேல் சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். கத்தியை எடுக்காதீர்கள்.

## கணினி எழவே இல்லை, பழைய டிஸ்க் மட்டும் கையில் இருக்கிறது

மதர்போர்டு உயிரோடு இருந்து விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால், உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் "முயன்று பார்" என்ற தேர்வில் ஓடவிடுங்கள். டெர்மினலில் சுடோ கேட் என்று தட்டி, சிஸ், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, டேபிள்ஸ் என்ற அடைவுகளுக்குள் இருக்கும் எம்எஸ்டிஎம் ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள். புரியாத குறிகளுக்குப் பின்னால், கடைசியில் கீ தெளிவாகத் தெரியும். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொன்னால் ஃபர்ம்வேரில் கீ இல்லை.

டிஸ்க் நன்றாக இருந்தால் அதை யூஎஸ்பி கேபிள் வழியாக இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டுங்கள். ப்ரொட்யூகீயிடம் அந்த டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் கீயைப் படித்துத் தரும். கையாலும் பார்க்கலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் கிளையைச் சொடுக்கி, ஃபைல் மெனுவில் "லோட் ஹைவ்" தேர்ந்து, பழைய டிஸ்க்கின் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் வழியே போய் சாஃப்ட்வேர் என்ற ஃபைலைத் திறந்து, ஏதாவது ஒரு பெயர் கொடுங்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், சாஃப்ட்வேர்ப்ரொடெக்‌ஷன்பிளாட்ஃபார்ம் என்று இறங்கினால் பேக்கப்ப்ராடக்ட்கீடிஃபால்ட் என்ற வரி இருக்கும். முடிந்ததும் "அன்லோட் ஹைவ்" செய்ய மறக்காதீர்கள். கிடைத்த கீ பொதுக் கீதானா என்று மேலே சொன்ன கடைசி ஐந்து எழுத்துகளை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் செய்யாமல் பழையதன் மேலேயே புதிய விண்டோஸைப் போட்டிருந்தால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள்ளும் இதே ஃபைல் இருக்கிறது. பொதுவாகப் பத்து நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே இன்றே எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தாலோ, மாட்டியதும் கணினி உறைந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். கீயை எப்படியும் திரும்ப வாங்கலாம், உள்ளே இருக்கும் படங்களை வாங்க முடியாது. டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

## மதர்போர்டு மாற்றியபின் லைசென்ஸ் போய்விட்டது

தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் புதிய மதர்போர்டுக்கு மாறும். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது.

ரீடெயில் என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபுள்ஷூட் தேர்ந்து, "வன்பொருளைச் சமீபத்தில் மாற்றினேன்" என்ற பொருள்படும் வரியைச் சொடுக்குங்கள். அக்கவுண்டில் நுழைந்ததும் உங்கள் சாதனங்களின் பட்டியல் வரும். பழைய பெயரைத் தேர்ந்து, "இப்போது நான் பயன்படுத்தும் சாதனம் இதுதான்" என்று குறித்தால் வேலை முடிந்தது. பட்டியலில் ஒரே மாதிரி பெயர்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக முயலுங்கள். அக்கவுண்டை முன்பே இணைக்கவில்லை என்றால் இந்த வழி திறக்காது. வாங்கிய கீயைத் தட்டிப் பார்ப்பதும், அதுவும் பலிக்காவிட்டால் பில்லோடு மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவை அணுகுவதும்தான் மிச்சம்.

லேப்டாப்பின் மதர்போர்டை வாரண்டியில் மாற்றியிருந்தால் புதிய போர்டின் ஃபர்ம்வேரில் கீயை எழுதித் தர வேண்டியது தயாரிப்பாளரின் சேவை மையம். எழுதாமல் விடுவதும் நடக்கும். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்ததால் மறுபடி ஒரு வாரம் லேப்டாப் இல்லாமல் இருந்தார். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: சேவை மைய மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து, மேலே சொன்ன பவர்ஷெல் கட்டளையை ஓட்டிக் கீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதற்கான கருவி தயாரிப்பாளரிடம்தான் இருக்கிறது, வீட்டில் முயல வேண்டாம். ஃபர்ம்வேரில் கைவைத்துத் தவறினால் போர்டே போய்விடும்.

வாரண்டி முடிந்து, வெளியில் வேறு போர்டு போட்டிருந்தால் ஓஇஎம் லைசென்ஸ் கூடவே வராது. புதிதாக வாங்குவது ஒன்றே நேர்மையான வழி.

## நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

இது ப்ராடக்ட் கீ அல்ல, பிட்லாக்கர் மீட்பு எண். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புகள்) ஏதாவது மாற்றியிருந்தால் முதலில் அதைப் பழையபடி வைத்துப் பாருங்கள், கேட்பது நின்றுவிடலாம். நிற்கவில்லை என்றால், போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் எண்களைப் பாருங்கள். பல எண்கள் இருந்தால் திரையில் தெரியும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள். அலுவலக அக்கவுண்டோடு தொடங்கிய கணினி என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும்.

எங்கும் இல்லையென்றால் டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸைப் போடலாம், அதற்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் உள்ளே இருந்தவை போய்விடும். பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டாலேயே அந்த எண்ணைத் திரும்ப உருவாக்க முடியாது.

## ஆக்டிவேட் ஆகிறது, சில மாதம் கழித்துப் போய்விடுகிறது

பழைய கணினி வாங்கியவர்களுக்கு வருவது. எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று தட்டுங்கள். நிரந்தரம் என்று சொல்லாமல் ஒரு தேதியைக் காட்டினால் அது நிறுவனத்தின் வால்யூம் லைசென்ஸாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பிக்காவிட்டால் 180 நாளில் காலாவதியாகும். அது உங்கள் லைசென்ஸ் அல்ல, மீட்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் புதிதாக வாங்கும் முன் ஃபர்ம்வேரைப் பாருங்கள். அலுவலகங்கள் வாங்கும் லேப்டாப்புகள் பலவற்றில் ப்ரோ கீ மதர்போர்டிலேயே வந்திருக்கும். அலுவலகம் அதன் மேல் என்டர்பிரைஸைப் போட்டிருக்கும். சுத்தமாக அழித்து ப்ரோவைப் போட்டால், தூங்கிக்கொண்டிருந்த அந்தக் கீ தானாக எழுந்துவிடும். இப்படிப் பலருக்கு ஒரு செலவும் இல்லாமல் முடிந்திருக்கிறது. அலுவலகம் இன்னும் உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கும் லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஐடி பிரிவிடம் விட்டுவிடுங்கள்.

## விண்டோஸ் சரி, ஆஃபீஸும் மற்றவையும் கேட்கின்றன

ஆஃபீஸ் 2013 முதல் கணினியில் முழுக் கீ சேமிக்கப்படுவதில்லை, கடைசி ஐந்து எழுத்துகள் மட்டும்தான். எந்த மென்பொருளாலும் மீதி இருபதைக் காட்ட முடியாது. அட்டையில் வந்த கீயை ஒரு முறை பதிவு செய்ததும் அது ஓர் அக்கவுண்டில் சேர்ந்துவிடுகிறது. அக்கவுண்ட் பக்கத்தின் சேவைகள் பகுதியில் தேடுங்கள், அங்கிருந்தே மறுபடி இறக்கலாம். காணோம் என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்களிடம் எத்தனை மெயில் ஐடி இருக்கிறது?" என்பதுதான். இரண்டாவது ஐடியில் இருக்கும். ஆஃபீஸ் 2010 அல்லது அதற்கு முந்தையது என்றால் பழைய டிஸ்க்கிலிருந்து ப்ரொட்யூகீ முழுக் கீயையும் எடுத்துத் தரும்.

மற்ற மென்பொருளுக்கு மெயிலில் லைசென்ஸ், சீரியல், ஆர்டர், இன்வாய்ஸ் என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள், ஸ்பாம் பெட்டியிலும். விற்பவரின் தளத்தில் "கீயை மறந்துவிட்டேன்" பக்கம் பெரும்பாலும் இருக்கும், வாங்கிய மெயில் ஐடியைக் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள்.

கீ சரியாக இருந்தும் "வேறு கணினி" என்று மறுத்தால், அந்த மென்பொருள் கணினியின் பெயரையோ, நெட்வொர்க் கார்டின் எண்ணையோ, டிரைவின் வால்யூம் சீரியலையோ (ஃபார்மட்டின்போது டிரைவுக்கு இடப்படும் எண்) பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் கணினிக்கு டெஸ்க்டாப் என்று தொடங்கும் புதுப்பெயர் வந்திருக்கும். பழைய பெயரையே வைத்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள். ஃபார்மட் செய்தால் வால்யூம் சீரியலும் மாறும். அதைப் பிடித்த லைசென்ஸ் என்றால் விற்பவருக்கு எழுதி விடுவிக்கச் சொல்ல வேண்டும். வடிவமைப்பு, கணக்கு மென்பொருள்களில் இது அதிகம். எழுதும்போது வாங்கிய பில்லின் படத்தையும் பழைய கணினிப் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள், அவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.